ஆஸ்பத்திரி இல்லாத தீவு

எழுபதுகளில் ரொறன்ரோவில் விமான ரிக்கெற் விற்கும் கடையொன்றில் வேலை செய்தேன். ஒரு பனிக்காலம், மனைவியோடு போய்த் தங்க அமைதியான கரீபியன் தீவொன்று தேடி ஒருவர் வந்தார். நெடிய மனிதர். கையுறையைக் கழற்றாமலே தீவுகளின் படப்புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தில் நின்றார்.

"நல்ல இடம் அண்ணை. பக்கத்திலை பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கு," என்றேன். எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லித்தான் விற்பேன்.

புத்தகத்தை மூடிவிட்டார்.

"ஆஸ்பத்திரி இல்லாத தீவு இருக்கோ தம்பி?"

"ஏன் அண்ணை?"

"இனி வைத்தியம் வேண்டாமெண்டு மனிசி சொல்லிப்போட்டா. நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன். கிட்ட ஆஸ்பத்திரி இருந்தா, அவ நோவிலை முனகேக்கை நான் தூக்கிக்கொண்டு ஓடிடுவன்."

தேடிக் கொடுத்தேன். திரும்பி வர எத்தனை ரிக்கெற் என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டு என்றே எழுதினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். திருத்தச் சொல்லவில்லை.