பெண்கள் எடுத்த ஒன்பது புள்ளி

1. கதவு நிலையில் ஒரு கோடு

ஐந்தாம் படிவம் முடித்து, சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கிராணி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்கு டைப்ரைட்டர் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கிடைத்தது ஒரு சாக்பீஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு போய் நின்றேன். பணியாளர் அதிகாரி சுப்ரமணியம் சார் என்னை ஆபீஸ் வாசலுக்கு அழைத்துப் போய், கதவு நிலையில் என் புருவத்துக்கு நேராக ஒரு கோடு போடச் சொன்னார்.

“வேலை கேட்டு வர்ற பொம்பளப் பிள்ளைங்க தலை இந்தக் கோட்டத் தாண்டிச்சுன்னா நேரா என்கிட்ட அனுப்பு. தாண்டலன்னா ஃபாரம் எழுதி வாங்கி வச்சுக்கோலா.”

மதியம்தான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்கள் முதலாளி தௌக்கேக்குக் கூடைப்பந்து என்றால் பைத்தியம். லோரி ஓட்டுநர், ஃபிட்டர், ஸ்டோர் ஆள் என்று பந்துக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்ட ஆண்கள் அணி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அவர்கள் எல்லாரும் நிரந்தரம். எண்பதுகளின் தொடக்கத்தில், பெண்கள் அணி இல்லாத கம்பெனியை வட்டாரக் கேடயப் போட்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று போட்டிக் குழு அறிவித்துவிட்டது. அதற்குத்தான் அந்தக் கோடு.

பிலோமினா அக்கா அந்த வாசலில் குனிந்து நுழைந்தார். புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம். அப்பா இல்லை. அம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டோடு அவரை நிறுத்திவிடப் போகிறார்கள். வீட்டில் யாரும் தோட்டத்தில் வேலை செய்யவில்லை என்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கள் கம்பெனியில் நிரந்தர ஆட்களுக்கு வரிசை வீடு உண்டு. அக்கா வந்தது அதற்காகத்தான்.

பந்து ஆடியிருக்கிறாயா என்று சார் கேட்டார்.

“பள்ளிக்கூடத்துல நெட்பால் ஆடியிருக்கேன் சார். ஜெராய் மலையில உக்காந்திருக்கிற மேகத்த இறக்கச் சொன்னாலும் இறக்குறேன். வேலை நிரந்தரமா, அதச் சொல்லுங்க.”

சார் சிரித்துவிட்டார். இப்போதைக்குக் கன்ட்ராக்ட், கேடயம் வந்தால் பெண்கள் அணி முழுக்க நிரந்தரம், தௌக்கே வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றார். அந்த வாக்கு எந்தத் தாளிலும் இல்லை. ஆனால் தௌக்கே அதைப் பெண்கள் முன்னாலேயே சொல்லியிருந்தார், கைதட்டலும் வாங்கியிருந்தார்.

2. இரண்டு ஆட்டம், ஒரே கணக்கு

இந்தப் போட்டியின் விதியைச் சொல்லிவிட வேண்டும். ஒரே நாளில் முதலில் பெண்கள் ஆடுவார்கள், பிறகு ஆண்கள். இரண்டு ஆட்டத்தின் புள்ளிகளையும் கூட்டி, மொத்தத்தில் எந்தக் கம்பெனி அதிகமோ அதற்கே வெற்றி. பெண்கள் அணியைப் பெயருக்கு வைத்திருக்கக் கூடாது என்பதற்காகக் குழு செய்த ஏற்பாடு அது.

அணிகளில் என் வேலை உதவி மேனேஜர். ஐஸ் பெட்டி, ஜெர்சி மூட்டை, ஆங்கிலத்தில் இருந்த விதிப் புத்தகம், மூன்றும் என் பொறுப்பு. ஆண்களை மூன்று மணிக்கே வேலையிலிருந்து விட்டுவிடுவார்கள். பெண்கள் லைனில் முழு ஷிஃப்ட் நின்றுவிட்டு, கையில் அமோனியா வாடையோடு சிமெண்ட் கோர்ட்டுக்கு வருவார்கள். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அந்த சீசன் முழுக்க எங்களைத் தூக்கி நிறுத்தியது பெண்கள்தான். அவர்கள் பத்து, பன்னிரண்டு என்று முன்னிலை எடுத்து வைப்பார்கள்; ஆண்கள் நாலு, ஐந்தில் தோற்பார்கள்; மொத்தத்தில் நாங்கள் தேறிவிடுவோம். ஆண்கள் அணித் தலைவர் சேவியர் அண்ணன், லோரி ஓட்டுநர், முப்பதைத் தாண்டியவர். பிலோமினா அக்காவும் அவரும் ஒரே மாதாகோயில். அக்கா அவரை விடமாட்டார்.

“நாங்க சேத்து வைக்கிறோம், நீங்க செலவழிக்கிறீங்க. நல்ல குடும்பம்லா அண்ணே.”

அண்ணன் பதிலுக்குச் சிரிப்பார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் எங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது என்று கூலிமில்தான் எனக்குத் தெரிந்தது.

3. கூலிம், இடைவேளை

இறுதி ஆட்டம் கூலிமில், ஒரு மர ஆலை அணியோடு. பெண்கள் ஒன்பது புள்ளியில் வென்றார்கள். பிலோமினா அக்கா ரீபவுண்ட் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. முடிந்ததும் டிராக்சூட்டை மாட்டிக்கொண்டு, கோர்ட்டின் எதிர்ப்பக்கம் பலகையில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார்கள். இனி ஆண்கள் எட்டுப் புள்ளிக்குள் தோற்றால்கூடக் கேடயம் எங்களுக்கு.

மர ஆலைக்காரர்கள் பினாங்கிலிருந்து இரண்டு ஆட்களை இறக்கியிருந்தார்கள். இடைவேளையில் எங்கள் ஆண்கள் ஏழு புள்ளி பின்னால். எங்கள் சென்டர் ஆட்டக்காரன் ஆ செங்கின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நான் ஐஸ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுப்ரமணியம் சார் குனிந்து, ஓர் அணி ஆட மறுத்து இறங்கிவிட்டால் ஸ்கோர் எப்படி எழுதுவார்கள் என்று புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதுவரை எடுத்த புள்ளிகள் போய்விடும், எதிரணிக்கு இரண்டு, நமக்கு சைபர் என்றேன்.

சாருடைய முகம் தெளிந்தது. இரண்டு புள்ளியில்தான் தோல்வி. பெண்களின் ஒன்பதில் இரண்டு போனால் ஏழு மிச்சம். குழுவின் விதியில் அதைத் தடுக்க ஒரு வரியும் இல்லை.

“டவலை எடுங்க. போதும். பஸ்ல ஏறலாம்.”

ஆ செங் ஷூ நாடாவை அவிழ்க்கவே தொடங்கிவிட்டான். சேவியர் அண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“சார், ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. பொம்பளப் பிள்ளைங்க ஜெயிச்சாங்க, ஆம்பளைங்க ஓடிட்டாங்கன்னு நாளைக்கு ஒவ்வொரு கோப்பிக் கடையிலயும் பேசுவான். நான் லோரிய எடுத்துக்கிட்டு இதே ரோட்டுலதான் வரணும்.”

“பிள்ளைங்க வேலை இதுல இருக்குலா சேவியர்.”

“எட்டுக்குள்ள நிறுத்தணும், அவ்வளவுதானே? போலே சார், முடியும். நான் நிறுத்துறேன்.”

அணி மேனேஜர் சார்தான். மேசைக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார், கேலரியைப் பார்த்தார், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போனார். எதிர்ப்பக்கத்திலிருந்து பிலோமினா அக்கா கையைத் தூக்கி, என்ன என்பதுபோல் விரலை விரித்துக் காட்டினார். எங்களில் யாரும் கோர்ட்டைக் கடந்து போகவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

அண்ணன் சொன்னபடிதான் ஆடினார். கடைசி நிமிடம் வரை எட்டிலேயே நிறுத்தினார். அந்த எட்டோடு முடிந்திருந்தால் கேடயம் எங்களுடையது. பந்து அவர் கையில் இருந்தது. இடைவெளி தெரிந்தது, உள்ளே பாய்ந்தார். பினாங்குக்காரன் அதைத் தடுத்து நீளமாக எறிந்தான். பத்து. திரும்ப ஓடிவந்து அண்ணன் செய்த ஃபவுலில் ஒரு ஃப்ரீ துரோ உள்ளே போனது. பதினொன்று. மொத்தத்தில் இரண்டு புள்ளியில் தோற்றோம்.

கேலரி சேவியர் அண்ணனுக்காக எழுந்து நின்று கைதட்டியது. எதிரணிக்காரர்கள் வந்து தோளில் தட்டிக்கொடுத்தார்கள். பெண்கள் சாப்பிட்ட பொட்டலங்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

4. தோட்டத்து வீடு

இடைவேளையில் நடந்ததை மறுநாள் கேன்டீனில் ஆ செங் சொல்லித்தான் பெண்கள் தெரிந்துகொண்டார்கள். கன்ட்ராக்ட் முடிந்ததும் தௌக்கே அதைப் புதுப்பிக்கவில்லை. அடுத்த ஆண்டு பூப்பந்துக்கு மாறிவிட்டார். கதவு நிலைக் கோட்டை அழிக்கச் சொன்னார்கள். ஈரத்துணியால் துடைத்தேன். ஆண்கள் யாருக்கும் வேலை போகவில்லை.

பிலோமினா அக்காவுக்குப் பிறை நகரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கன்ட்ராக்ட் கிடைத்தது. ஹாஸ்டலில் ஒருவருக்குத்தான் இடம். அம்மா கராங்கானில் தன் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டைக் காலி செய்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்பதால் நானும் உதவிக்குப் போயிருந்தேன். யாரும் கூப்பிடாமலே சேவியர் அண்ணன் லோரியோடு வந்து நின்றார். அலமாரியைத் தனியாக முதுகில் தூக்கி ஏற்றினார். அக்கா தடுக்கவில்லை. அவர் அம்மா எல்லாருக்கும் கோப்பி கொடுத்தார்.

ஏற்றி முடித்ததும் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எறங்கியிருந்தா கேவலமா இருந்திருக்கும்மா” என்றார்.

“ஆமாண்ணே. எனக்கும் கேவலமாத்தான் இருந்திருக்கும்.” அக்கா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே பேசினார். “இல்ல, வேலைதான் முக்கியம், எறங்குங்கன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியல. நாங்க எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தோம். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”

அண்ணன் லோரியின் பின்கதவை மூடினார். கராங்கான் வரை அக்காவும் அம்மாவும் முன் சீட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனார்கள். வழியில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அண்ணன் பந்தைத் தொடவில்லை. முட்டி வலி என்று காரணம் சொன்னார்.

நான் இப்போது வேறொரு கம்பெனியில், இதே பணியாளர் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். ஷிஃப்ட் மாற்றம், இடமாற்றம் என்று கூட்டம் போட்டால், நியாயம் எது, விதி எது என்று பேசத் தொடங்கும் முன், யாருடைய வேலையைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் அந்த அறையில் இருக்கிறாரா என்று பாருங்கள். நான் பார்க்கிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை. லைனுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடச் சொல்கிறேன். சூப்பர்வைசர் விட்டால் வருகிறார்கள். சில நாள், அவர்கள் கை கழுவிவிட்டு வந்து சேர்வதற்குள் மேலே கையெழுத்துப் போட்டு முடித்திருக்கிறார்கள்.