அண்ணன் லாரிக்கு டர்போ வைத்தது

கிருஷ்ணகிரிக் குவாரிகளிலிருந்து ஓசூர் பாலிஷ் பட்டறைகளுக்குக் கிரானைட் கல் ஏற்றிப்போகும் லாரி ஒன்று எங்களிடம் இருந்தது. எங்களிடம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். லாரி அண்ணனுடையது, ஓட்டியது நான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

கிளீனர் அஞ்செட்டிக்காரர். நாற்பதைத் தாண்டியவர், அண்ணனைவிடவே மூத்தவர். ஆனாலும் அண்ணன் அவரை "டேய் அஞ்செட்டி" என்றுதான் கூப்பிடுவார். வழியில் மேலுமலை ஏற்றம் வந்தால் எங்கள் லாரி நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். அவர் இறங்கி, மரக்கட்டை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு பின்சக்கரத்தோடு கூடவே நடப்பார். வண்டி நின்று பின்னால் உருண்டால் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும். கல் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் அப்படி நடப்பது எவ்வளவு ஆபத்து என்று அண்ணனுக்குத் தெரியும். "அவனுக்கு உடம்பு எளைக்கட்டும்" என்பார்.

அந்தச் சமயத்தில்தான், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து இழுவையைக் கூட்டும் டர்போ வைத்த புது லாரிகள் எங்கள் ரோட்டுக்கு வந்தன. அதே ஏற்றத்தில் ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போகும். குவாரியில் அவற்றுக்கே முதல் லோடு கிடைத்தது. எங்கள் முறை வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். லோடு ஏற்றுகிறவர்கள் எங்கள் வண்டியைப் பார்த்ததும் மாடு வந்துவிட்டது என்று சிரிப்பார்கள். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு வந்து என்னைத் திட்டுவார். எஞ்சினில் இல்லாத சக்தியை நான் ஒளித்துவைத்திருப்பதுபோல இருக்கும் அவர் பேச்சு.

ஒருநாள் சீட்டு எடுத்த பணத்தோடு என்னையும் கிளீனரையும் கூட்டிக்கொண்டு பாகலூர் ரோட்டு மெக்கானிக் பாயிடம் போனார். புது எஞ்சினுக்குப் பணம் போதாது, பழையதற்கே டர்போ வைக்க வேண்டும் என்றார். பாய் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார், புகையைப் பார்த்தார். பிறகு இந்தப் பணத்துக்கு எதை முதலில் செய்யலாம் என்று சொன்னார். இந்த வருடம் பிஸ்டன் ரிங், ஹெட், ரேடியேட்டர். டீசல் பம்பையும் நாசிலையும் சரிபார்த்து வைத்தாலே ஏற்றத்தில் ஒரு கியர் மிச்சமாகும். டர்போ அடுத்த வருடம். தேய்ந்த எஞ்சினுக்குள் காற்றைத் திணித்தால் தாங்காது. டர்போவுக்குப் போகும் ஆயில் திரும்பிவர நல்ல அகலமான பைப் வேண்டும். ஆயில் உள்ளே ஒழுகினால் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு ஓடும், நிறுத்தும் கேபிளை இழுத்தாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். கிளீனர் இதையெல்லாம் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அரை வேலைக்கு நான் காசு குடுக்கமாட்டன் பாய். ஒனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு" என்றார் அண்ணன். பாய் கையைத் துடைத்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

எல்லை தாண்டி அத்திப்பள்ளியில், விபத்தில் நொறுங்கிய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவை அண்ணன் கன்னடத்தில் பேரம் பேசி வாங்கினார். அந்த லாரியின் டிரைவர் பிழைக்கவில்லை என்று கடைக்காரரே சொன்னார். செத்தவன் வண்டிச் சாமானை வேறு யார் வாங்குவார்கள் என்று அண்ணன் அதற்கும் விலையைக் குறைக்கவைத்தார். அங்கேயே ஒரு பட்டறையில் அதை மாட்டி, பம்பைத் திருகி டீசலைக் கூட்டினார்கள். ரிங் பழையது, ரேடியேட்டர் பழையது. ஆயில் திரும்பும் பைப், எங்கோ கிடந்த ஒல்லிப் பைப்பை வளைத்து வைத்தது.

முதல் சில வாரம் வண்டி பறந்தது. மேலுமலையில் கிளீனர் இறங்கவே வேண்டியதில்லை. முதல் தடவை ஏறி முடித்தபோது, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் சந்தோஷம்தான். அண்ணனுக்கு மட்டும் போதவில்லை. இழுக்கிறதே என்று இன்னும் பெரிய கல்லாக ஏற்றினார். ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது எஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு டர்போவை ஆறவிட வேண்டும். அதற்கும் விடமாட்டார். "நின்ன வண்டி டீசல் குடிக்குது, ஆஃப் பண்ணுடா" என்பார்.

ஒருநாள் மத்தியானம் மேலுமலை பாதி ஏறியிருந்தோம். கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தது, ஆயில் கருகும் வாடை வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். சத்தம் குறையவில்லை, ஏறியது. எஞ்சினை நிறுத்தும் கேபிளை இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஓரம் கட்டிப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் அலறிய அலறலில் கேபினே ஆடியது. கிளீனர் அதற்குள் குதித்துவிட்டார். முதலில் சக்கரத்துக்குக் கட்டை போட்டார். பிறகு பானெட்டைத் திறந்து, டர்போவுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மடித்த கோணிச்சாக்கை அந்த வாயில் வைத்து அழுத்தினார். உள்ளே சுழலும் விசிறி சாக்கை இழுத்தது. கூடவே கையையும் இழுத்தது.

எஞ்சின் நின்றது. அவர் கத்தவில்லை. "தம்பி, வண்டி பின்னால போகாது" என்றார். பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் இருந்தன.

வழியில் வந்த தக்காளி வண்டியில் அவரை ஏற்றிக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆளனுப்பிச் சொன்னதும் அண்ணன் மொபெட்டில் கிளம்பி, முதலில் மேலுமலைக்குப் போய் எஞ்சினைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் என்னிடம் டர்போ போச்சு என்றார். என்னை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் திரும்பியபோது போலீஸ்காரர் வந்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இவரு நம்ம ஆளு இல்லீங்க சார். வழியில லிப்ட் கேட்டாரு, தம்பி ஏத்திக்கிட்டான். எஞ்சினுல எதுக்குக் கைய விட்டாரோ தெரியலீங்க."

அண்ணன் வாயிலிருந்து அவருக்கு மரியாதை வந்தது அந்த ஒரு நாள்தான்.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டு, இவர் எங்கள் வண்டிக் கிளீனர், வருடக்கணக்காக எங்களோடு இருக்கிறார் என்று சொன்னேன். போலீஸ்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினார். கிளீனர் என்னைப் பார்க்கவில்லை.

"லிப்ட்டுதான் சார்" என்றார்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் எல்லார் முன்னாலும் என்னைக் கன்னத்தில் அறைந்து, இனி வண்டியில் கை வைக்காதே என்றார். கேஸ் ஆனால் வண்டி ஸ்டேஷனில் நின்று துருப்பிடிக்கும், யாருக்கும் சோறு இருக்காது, லிப்ட் என்று சொன்னால் ஆயுசுக்கும் சம்பளம் என்று கிளீனரிடம் பேசிவைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேறொருவர் லாரிக்கு டிரைவராகப் போனேன். அண்ணன் எங்கோ கடன் வாங்கி வண்டியைப் பாயிடமே கொண்டுபோனார். ரிங், ஹெட், ரேடியேட்டர், பம்ப், கடைசியாகப் புது டர்போ என்று பாய் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. அவர் அன்று அப்படிப் பேசியும் வண்டியை எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று பாயைக் கேட்டேன். வண்டிக்குத்தான் வேலை செய்கிறேன், ஆளுக்கு இல்லை என்றார்.

வேலை முடிகிற நாளில் என் வண்டிக்கு பெல்ட் வாங்க அங்கே போயிருந்தேன். கிளீனர் வந்தார். அஞ்செட்டியிலிருந்து காலை பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் கட்டு அழுக்காகியிருந்தது. பேசிவைத்தபடி சம்பளம் என்று தயங்கிக் கேட்டார். அண்ணன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடியே பதில் சொன்னார்.

"லிப்ட் கேட்டவனுக்கு எதுக்குடா சம்பளம்? நாயமா பாத்தா நீதான் எனக்கு சார்ஜ் குடுக்கணும்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். கிளீனரும் சிரிக்க முயற்சி செய்தார். அதுதான் என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணன் சட்டையைப் பிடித்தேன். நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்து வெளியே தள்ளினார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரை அவரோடு நடந்தேன். ஸ்டேஷனுக்குப் போவோம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நீ சொன்னத நானே பொய்யாக்கிட்டன் தம்பி. இப்ப போயி எந்த வாயால சொல்றது?" பஸ்ஸில் ஏறும்போது வலது கையை நீட்டிக் கம்பியைப் பிடிக்கப் போய், பிடிக்க முடியாமல், இடது கைக்கு மாறினார்.

மழைக்காலம் முடிந்து ஒருமுறை அஞ்செட்டிக்குப் போனேன். அவர் மாடு ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலிலேயே நின்றாள். கொண்டுபோன அரிசியை வாங்கிக்கொண்டாள். அவர் எப்போது வருவார் என்று கேட்டேன். "உங்களப் பாத்தா அவருக்கு ரெண்டு நாளைக்குத் தூக்கம் போயிரும். வராதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு நான் போகவில்லை.

அண்ணனுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஒரு லாரி மூன்றானது. குவாரியில் அவர் வண்டிகளுக்கே முதல் லோடு. கல்யாண வீடுகளில் பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தம்பிக்கு இன்னொரு பூரி வையுங்கள் என்று பரிமாறுகிறவர்களிடம் சொல்வார். நான் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவேன்.