யாரும் கேட்காத ஆல்பம்

அந்த ஆல்பத்தை நான் இன்னும் கேட்கவில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொய். வேங்கிக்காலில் இருக்கும் என் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் ஹெல்மெட்டுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு அதைத்தான் கேட்டேன். எங்கே மட்டமாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே கேட்டேன்.

ஆல்பம் என் நண்பனுடையது. கல்லூரியில் அவன் கிட்டார், நான் டிரம்ஸ். அவன் உயிராய் நினைத்ததெல்லாம் ஸ்டோனர் ராக், டூம் மெட்டல். கிட்டார் கம்பிகளைத் தளர்த்தி, ஸ்பீக்கர் உறுமுகிற அளவுக்கு ஒலியைக் கனமாக்கி, ஆமை வேகத்தில் வாசிக்கிற சமாச்சாரம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம். எனக்கோ கை நிற்காது. பாட்டு பாதி போவதற்குள் வேகம் ஏறிவிடும். "மெதுவாடா, மெதுவா" என்று கத்துவான்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. மலை சுற்றுகிறவர்கள் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி மெதுவாக நடக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். விறுவிறுவென்று நடந்தால் சுற்றிய பலன் கிடையாதாம். அதை வைத்து நக்கலடித்தேன்.

"இன்னாடா இது, நிறைமாச கர்ப்பிணி கிரிவலம் போற மாதிரி ஒரு பாட்டு? எவன் கேப்பான் இதை? நீயே வச்சுக்க."

குச்சிகளை அவன் மடியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவனோ வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, அடிகளை எண்ணிக்கொண்டே மலை சுற்ற ஆரம்பித்தான். கூடவே இன்னொருவன். கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறவன், கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசித்துப் பழகியவன். இரண்டு பேரும் அந்த நடையை அப்படியே பாட்டாக்கினார்கள். மூடிக்கிடந்த ஒரு கடலை மில்லில் ஆறு பாட்டு ரெக்கார்ட் செய்து இணையத்தில் ஏற்றினார்கள்.

என் நக்கல் ஐயா அது! நான் போகிறபோக்கில் சொன்னது ஒரு ஆல்பமாகிவிட்டது, அதில் என் இடத்தில் ஒரு வேன் டிரைவர் உட்கார்ந்திருக்கிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நல்லவேளையாக யாரும் அதைக் கேட்கவில்லை. எத்தனை பேர் கேட்டார்கள் என்று தினமும் போய்ப் பார்ப்பேன். ஒருவர் எத்தனை தடவை கேட்டாலும் அதில் ஒரு ஆள்தான் கணக்கு. எண்ணிக்கை நகராமல் இருந்தால் மதியச் சாப்பாடு ருசியாக இறங்கும். இருந்த ஒரே கமெண்ட், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர் போட்டது. டிரம்ஸ் வாசிப்பவர் கொஞ்சம்கூட அவசரப்படவில்லை, இதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று கேட்டிருந்தார். அன்றைக்கு முழுக்க ஆபீசில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் ஒரு குற்றம் கிடைத்தது. நாலாவது பாட்டில் கிட்டார் சட்டென்று நின்று மறுபடி தொடங்கும் இடத்தில் வேன்காரன் ஒரு அடியைப் பிந்தி அடிக்கிறான். சொதப்பல். திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மாட்டினான் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்டுக் கேட்டு, அந்த அடி வந்து விழுவதற்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன். வெகுதூரம் நடந்தவர் நின்று, மூச்சு வாங்கிவிட்டு, அடுத்த காலை எடுத்து வைப்பது மாதிரி இருக்கும். நானாக இருந்தால் அவசரப்பட்டு அடித்துக் கெடுத்திருப்பேன். இது புரிந்ததும் பொறாமை ஜாஸ்தியானதே தவிரக் குறையவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடி அண்ணாமலை டீக்கடையில் நண்பனைப் பார்த்தேன். நான் பைக்கில் போயிருந்தேன். அவன் வெறுங்காலோடு மலை சுற்றிக்கொண்டிருந்தவன், டீக்கு நின்றிருந்தான்.

"ஆல்பத்தை நெட்லருந்து எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றான்.

"ஏன்?"

"எவனும் கேக்கல. அவங்களை விடு, உனக்கே கேக்கத் தோணலையே. நல்லா இல்லன்னா நீ மூஞ்சிக்கு நேரா சொல்றவன். நீ தொடக்கூட இல்லன்னா, அதுல ஒண்ணுமே இல்லன்னுதானே அர்த்தம்?" ஃபோனை எடுத்தான். "இப்பவே அழிச்சிடறேன்."

சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒழிந்தது சனியன். நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா டீயைக் குடித்துக்கொண்டிருந்தால் போதும். அப்புறம்தான், நாளைக் காலையில் வண்டியில் எதைக் கேட்டுக்கொண்டு போவேன் என்று தோன்றியது. நல்லா இருக்குடா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அந்தப் பாழாய்ப்போன வாய் திறந்தால்தானே.

திரையைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். என் கையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். டீ கிளாஸ் பக்கத்தில் என் விரல்கள் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தன. நாலாவது பாட்டு. கிட்டார் நிற்கும் இடம் வந்தது. விரல்கள் நின்றன, காத்திருந்தன. பிறகு அந்த ஒரு அடி, வேன்காரன் அடித்த அதே இடத்தில், பிந்தி விழுந்தது.

"கேக்கலன்னு சொன்ன?"

"தினமும் கேக்கறேன்டா. ரெண்டு வருஷமா."

ஃபோனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"அதுல நான் வாசிக்கலயே" என்றேன்.