பதினோரு பைகள்

நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், பதினோரு பை வைத்த கையில்லாத கோட்டு ஒன்றைச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு, பைக்கு ஒரு பொட்டலமாகத் திணித்துக்கொண்டு, தம்புள்ளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று பூரித்துப்போன முட்டாள் நான். பார்த்தார்கள்தான். பக்கத்தில் இருந்த பெண் நாவுலையில் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள். என் அழகு அவளைக் கூச வைத்துவிட்டது என்று அதற்கும் நானே ஒரு பொருள் எழுதிக்கொண்டேன். முப்பத்தாறு வயது எனக்கு அப்போது. தினமும் பேப்பர் வாசிக்கிறவன். வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி வாரத்துக்கு இரண்டு செய்தியாவது கண்ணில் படும். அந்தச் செய்திகளுக்கும் என் கோட்டுக்கும் இடையில் ஒரு கோடு போட என் மூளைக்கு வரவில்லை.

கோட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாத்தளை டவுனில் ஒரு ஹாஜியாரின் வாசனைச் சரக்குக் கடையில் நான் கிளார்க். மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலக்காய், கறுவாப்பட்டை என்று எட்டுச் சரக்கின் மாதிரிகளை எடுத்துப்போய் தம்புள்ளை வியாபாரிகளுக்குக் காட்டிவிட்டு வருவது வாரத்தில் ஒரு நாள் வேலை. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போனால், போய்ச் சேருவதற்குள் ஏலக்காயில் கராம்பு மணக்கும். வியாபாரிகள் மோந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு தரம் பார்ப்பார்கள். இதை ஒருநாள் சோறு தின்றுகொண்டே அக்காவிடம் புலம்பினேன். அடுத்த ஞாயிறு, சாம்பலும் பச்சையும் கலந்த தடித்த துணியில் இந்தக் கோட்டு கொடியில் தொங்கியது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பை. மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று, பஸ் காசுக்கு ஒன்று. பதினோராவது பை எதற்கு என்று கேட்டேன். "ஒன் மூளைய வைக்கிறதுக்கு. வெளிய போறப்ப மறந்திறாம எடுத்துட்டுப் போ" என்றாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் அவ்வளவு உயரமான பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. கடையில் வாங்கும் கவுன் எதுவும் அவளுக்கு முழங்காலைத் தாண்டாது, கை முழங்கையைத் தாண்டாது. அப்பா அம்மா போன பிறகு தோட்டத்து லயத்து அறையை விட்டு நாங்கள் இருவரும் அலுவிகாரையில் ஒரு வாடகை வீட்டுக்கு இறங்கி வந்தபோது அவள் ஒரு காமெண்டில், உடுப்புத் தைக்கும் ஃபாக்டரியில், வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை, ஆண்கள் சட்டையின் இடது கைப் பட்டி. காலையிலிருந்து சாயந்தரம் வரை இடது கைப் பட்டி மட்டும். "வலது கையத் தைக்கிறவ மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. அடுத்த லைன்ல எவளோ ஒருத்தி" என்பாள். முழுச் சட்டை ஒன்று எப்படி இருக்கும் என்ற ஆசையில்தான் வீட்டுக்கு காலால் மிதிக்கும் ஒரு பழைய தையல் மிஷினை வாங்கிப் போட்டாள் என்று நினைக்கிறேன்.

சந்தையில் நிறுத்து விற்கும் துணி வெட்டுத்துண்டுகளை வாரிக்கொண்டு வருவாள். அவற்றைத் தரையில் பரப்பி, நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒன்றையும் தொடாமல் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பாள். சோறு கேட்டால் காதில் விழாது. பிறகு ஒரு துண்டை எடுத்துத் தோளில் வைப்பாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அவ்வளவுதான், அன்றைக்குச் சோறு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் ஆண்பிள்ளைச் சட்டைக் காலர் வைத்த சேலை ரவிக்கை வந்தது. ஒரு கை நீலமும் ஒரு கை கோடுமாக ஒரு நீளக் கவுன் வந்தது. தைத்து முடித்ததும் அதைப் போட்டுக்கொண்டு ரோட்டு வரைக்கும் ஒரு நடை போய்த் திரும்புவாள். கடைக்குப் போகிற சாக்குக்கூடச் சொல்வதில்லை. எதிர்வீட்டு அம்மா வேலியில் சாய்ந்து, "என்னாடி, இன்னைக்கு என்னா நாடகம்?" என்பார். "டிக்கட் இல்லாமத்தானே பாக்குறீங்க, பேசாமப் பாருங்க" என்று நடையைக் குறைக்காமலே பதில் போகும்.

வெளியே தெரிவதைவிட உள்ளே அவள் செய்த வேலை அதிகம். தையல் விளிம்பு ஒவ்வொன்றையும் பூத்துணியில் குறுக்காக வெட்டிய மெல்லிய பட்டி வைத்து மூடுவாள். பட்டி முடிகிற இடத்தில் வெற்றிலை மடிப்பதுபோல் குட்டியாக ஒரு முக்கோணம் மடித்துத் தைப்பாள். கறுப்புப் பாவாடைக்குள் மஞ்சள் பூ, வெள்ளை ரவிக்கைக்குள் சிவப்புப் பூ. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "வெளிய ஊரே பாக்குது. உள்ள நான் மட்டுந்தான் பாக்குறேன். எனக்குன்னு ஒரு எடம் வேணாமா?" என்றாள்.

இனி என் அயோக்கியத்தனம். கடையில் சேர்ந்த புதிதில் அக்கா தைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். ஹாஜியார் அந்தக் காலரைத் தொட்டுப் பார்த்து, எந்த டெய்லர் என்று கேட்டார். முப்பதை நெருங்கிய ஆம்பிளை, அக்கா உடுத்திவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? "நானேதான் ஹாஜியார், சும்மா பொழுதுபோக்குக்கு" என்றேன். "மாஷா அல்லா!" என்று அவர் கடைக்குள் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஒரு வாய்ப்பேச்சு எட்டு வருடம் ஓடியது. தேநீர் நேரத்தில் காலருக்குள் கான்வாஸ் வைப்பது பற்றி நான் விரிவுரை நிகழ்த்தினேன். கடைப் பையன்களின் காற்சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்து, "கடையில கேட்டாங்க" என்பேன். மறுநாள் திருப்பிக் கொடுத்து நன்றிகளை வாங்கிக்கொள்வேன். கண் சிவந்திருந்தால் இரவெல்லாம் தைத்ததாகச் சொல்வேன். உண்மையில் இரவெல்லாம் என் குறட்டையும் அவள் மிஷினும்தான் போட்டி போட்டுக்கொண்டிருந்தன.

தம்புள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கினோம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன். அடுத்த கணம் யாரோ கத்தினார்கள். வரிசை கலைந்து எல்லோரும் ஓடினார்கள். யாரைப் பார்த்து ஓடுகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஐந்தாறு துப்பாக்கிகள் என் நெஞ்சைப் பார்த்து நின்றன. கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். கோட்டின் நாடாவை ஒரு விரலால் அவிழ்க்கச் சொன்னார்கள். அந்த விரல் என்னுடையதுபோலவே இல்லை, யாரோ தூரத்தில் நின்று ஆட்டுகிற மாதிரி இருந்தது. கோட்டு தரையில் விழுந்தது. கராம்புப் பொட்டலம் அவிழ்ந்து தார் ரோட்டில் சிதறியது. பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை அழுதது. இன்றைக்கும் கராம்பு மணம் வந்தால் எனக்கு முதலில் கை இரண்டும் ஜில்லிட்டுப் போகும்.

என்னைக் குப்புறப் படுக்க வைத்திருந்த சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி, இதைத் தைத்தது யார் என்பது. எட்டு வருடமாக யார் கேட்டாலும் நாக்கு நுனியில் தயாராக இருந்த பதில் எனக்கு உண்டு. அன்றைக்கு அது வரவில்லை. "அக்கா" என்றேன். இரண்டு மொழியிலும் ஒரே சொல். மொழிபெயர்க்கவும் வேண்டியிருக்கவில்லை. புகழுக்கு நான், பழிக்கு அவள் என்று முடிவெடுக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு விலாசத்தையும் சொன்னேன்.

பொலிஸ் நிலையத்தில் பொட்டலங்களை மேசையில் வரிசையாகப் பிரித்து வைத்தார்கள். நாய் ஒன்று வந்து கறுவாவை மோந்து, தும்மிவிட்டுப் போனது. வெடிமருந்து இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் நிலையப் பொறுப்பதிகாரி, எல்லோரும் பெரிய மாத்தயா என்று கூப்பிட்டவர், கோட்டை விடவில்லை. இது ஒத்திகைக் கோட்டு, இன்றைக்கு மிளகை வைத்துப் பழகியவன் நாளைக்கு வேறு எதையாவது வைப்பான், இதுபோல் எத்தனை, யாருக்கு என்று தைத்தவரைக் கேட்க வேண்டும் என்றார். பதில் சரியாக இல்லையென்றால் கொழும்புக்கு அனுப்புவதாகவும் சொன்னார். கொழும்புக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று வீட்டாருக்குத் தெரியாத காலம் அது.

மத்தியானம் ஒரு ஜீப் வந்தது. அக்கா இறங்கினாள், காமெண்ட் ஏப்ரனோடு. பின்னால் ஒரு பொலிஸ்காரர் சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டைச் சோதனை போட்டு, அவள் உடுப்புகள் அத்தனையையும் அதில் அள்ளிப்போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள். "அடிச்சாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பேசக்கூடாது என்று அவளைச் சுவரோர மர வாங்கில் உட்கார வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான், பொலிஸ் கடைக்குப் போன் போட்டு விசாரித்ததைக் கேட்டு, என்னைக் காப்பாற்ற ஹாஜியார் தன் வான் வண்டியில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சுத்தமான சிங்களத்தில், இவன் என் கடை ஆள், எட்டு வருடம், ஒரு தூசு குற்றம் இல்லை என்றார். பொட்டலங்கள் தன் சரக்கு என்றார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கோட்டு யார் தைத்தது தெரியுமா என்று பெரிய மாத்தயா கேட்டார். ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

"இவரேதான் மாத்தயா! இவர்ட உடுப்பெல்லாம் இவரேதான் தைக்கிற. கடையில யாரக் கேட்டாலும் செல்லுவாங்க. எங்கட பொடியன்மார்ர களிசான்கூட இவர்தான் வெட்டித் தைச்சுக் குடுத்த."

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றாலும், வாங்கில் ஒரு உடம்பு மெல்ல நிமிர்வது தெரிந்தது.

பெரிய மாத்தயா என் முன்னால் வந்து குனிந்தார். "எட்டு வருசமாப் பொய் சொன்னியா, இல்ல இப்பச் சொல்றியா?"

எட்டு வருடமாகத்தான் பொய், தைத்தது அக்காதான் என்றேன். ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. ஆனால் பெரிய மாத்தயா அதையும் நம்பவில்லை. தப்பிப்பதற்காக ஒரு பொம்பிளையின் தலையில் கட்டுகிறான், இவனைக் கொழும்புக்கு அனுப்புங்கள் என்றார். ஒரு பொலிஸ்காரர் என் தோளைப் பிடித்து எழுப்பினார்.

அப்போது அக்கா எழுந்தாள். அந்த அறையில் இருந்த எல்லோரையும்விட உயரமாக. "மாத்தயா, அந்தச் சாக்கக் கொட்டுங்க" என்றாள் சிங்களத்தில். "எல்லாத்தையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்க. பொறகு அந்தக் கோட்டையும் திருப்பிப் பாருங்க."

கொட்டினார்கள். ரவிக்கைகள், பாவாடைகள், ஒரு கை நீலமான அந்தக் கவுன், உள்பாவாடைகள் வரைக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றுகொண்டிருந்த அறையில் அவை ஒவ்வொன்றாக உள்வெளியாகத் திருப்பப்பட்டன. கறுப்புக்குள்ளிருந்து மஞ்சள் பூக்கள் வந்தன. வெள்ளைக்குள்ளிருந்து சிவப்புப் பூக்கள் வந்தன. ஒவ்வொரு பட்டியின் முடிவிலும் அந்தக் குட்டி முக்கோணம். சார்ஜன்ட் ஒரு கையில் கோட்டையும் மறுகையில் உள்பாவாடையையும் பிடித்து, இரண்டு முக்கோணங்களையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டார். அவளைத் தவிர யாரும் பார்க்காத இடம் என்று பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருந்த நான்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை நான் ஒரு பொலிஸ் மேசையில்தான் பார்த்தேன்.

பெரிய மாத்தயா கோட்டை வாங்கி அவள் முன்னால் விரித்து வைத்தார். பிறகு எதற்குப் பதினோரு பை என்று கேட்டார். அக்கா ஒவ்வொரு பையாகத் தொட்டு, இது மிளகுக்கு, இது ஏலக்காய்க்கு என்று சொன்னாள். கடைசிப் பையைத் தொட்டபோது மட்டும், "இது சும்மா" என்றாள். கோட்டை வைத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்கள்.

மேசையில் கிடந்தவற்றை அவள் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக நேர்ப்பக்கம் திருப்பி, மடித்து, சாக்கில் அடுக்கினாள். நானும் ஒன்றை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். ஹாஜியார் அவளிடம் வந்து, "புள்ள, எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். சரக்குப் பொட்டலங்களைத் தானே எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், தம்புள்ளைப் பக்கம் வானைத் திருப்பினார்.

மாத்தளை பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது. சாக்கை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நாய் தும்மியதைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாவுலை தாண்டியதும் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அக்கா, ஒம்பேர நான் அங்க சொல்லியிருக்கக்கூடாது."

"கடையில சொல்லியிருக்கணும்" என்றாள்.