அத்தானின் இருபத்தேழு கெட்டில்கள்

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பாய்லர் மெக்கானிக். நாளெல்லாம் நீராவியோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் மனுஷன் வீட்டிலாவது சும்மா இருக்கலாம் இல்லையா? இங்கேயும் நீராவிதான். அடுப்பில் வைக்கும் பழைய காபி கெட்டில்கள் இருபத்தேழு சேர்த்திருக்கிறார். கீழே தண்ணீர், நடுவில் சல்லடையில் காபித்தூள், மேலே காலி அறை. சூடேறினால் நீராவி தண்ணீரை முட்டித் தள்ளும். அது தூளைக் கடந்து மேலே காபியாக வந்து சேரும். எல்லாம் பழைய பொருள் கடையில் பொறுக்கியவை. வால்வைக் கழற்றித் துடைப்பார், வாஷர் வெட்டிப் போடுவார். உள்ளே சோப்பு மட்டும் படவே கூடாது, ஊறிய காபி வாசம் போய்விடுமாம். நான் ஒருமுறை நல்ல பிள்ளையாக ஒன்றைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் உண்டு. வாய் உடைந்தது மூக்கறையன். முனகி முனகி ஏறுவது பெரியவர். காலையில் அடுப்படியில் ஏதாவது ஒன்றில் காபி போடுவார். முன்னறையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு, எந்தக் கெட்டில் என்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் தொடங்கிய கூத்து. மேல்வீட்டில் குடியிருக்கும் எனக்கு ஓசிக் காபி கிடைப்பதால் நான் எதுவும் சொல்வதில்லை.

போன வருஷம் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதிலும் வாசனையில்லை, ருசியில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

"அவர்கிட்ட மூச்சு விட்றாத. தெரிஞ்சா அத்தனையும் மூட்டை கட்டிடுவாரு."

செய்யக்கூடியவர்தான். அவளுக்குப் புகை ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே சிகரெட்டைத் தீப்பெட்டியோடு குப்பையில் போட்டவர். அது போனது நல்லதுதான். ஆனால் கெட்டிலும் போய்விட்டால் அந்த மனுஷனுக்கு மிச்சம் பாய்லர் மட்டும்தான்.

"அப்ப எப்படிக்கா கண்டுபிடிப்ப?"

"காது இருக்குல்லடா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சத்தம் போட்டுக் கொதிக்குது."

முன்பு பாதி நாள் தோற்றுக்கொண்டிருந்தவள், அதன்பின் நாலு மாதம் ஒருநாள்கூடத் தோற்கவில்லை. "உங்கக்காவுக்கு என்ன நாக்குடா!" என்று அத்தான் பெருமைப்படும்போதெல்லாம் நான் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில், பாய்லரில் ஏதோ கோளாறு என்று போன் வந்தது. போனைத் தோளில் இடுக்கி, ஆளைத் திட்டிக்கொண்டே அடுப்பை மூட்டினார், திட்டிக்கொண்டே மூன்று டம்ளரில் ஊற்றினார். என் டம்ளரைப் பார்த்தேன். அடிப்பாகம் பளிச்சென்று தெரிந்தது. தூள் போட மறந்திருக்கிறார். வெறும் வெந்நீர். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குடித்துவிட்டாள்.

கொஞ்சம் யோசித்தாள். "மூக்கறையன்தானே? இன்னைக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்கு."

அத்தான் போனை வைத்துவிட்டுத் தன் டம்ளரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

அக்கா கண்ணைத் திறந்து டம்ளருக்குள் பார்த்தாள். "காய்ச்சல்லேர்ந்து."

அவர் வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரும்போதே அட்டைப்பெட்டிகளோடு வந்தார். ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றினார். பெரியவர் வரைக்கும் பொறுத்துப் பார்த்த அக்கா பெட்டியைக் காலால் தள்ளினாள்.

"குடிக்கிறதுக்கா எழுந்து வரேன்? நீங்க அங்க உருட்டுற சத்தத்தக் கேக்கத்தான் வரேன். அதையும் எடுத்துட்டா நான் எதுக்கு முன்னறையில உக்காரணும்?"

அத்தான் சுற்றிய பேப்பரைப் பிரிக்கத் தொடங்கினார். நானும் உட்கார்ந்து பிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை என்னையும் பழைய பொருள் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். குட்டையாக ஒரு கெட்டில் புதிதாக வந்திருந்தது. வழக்கமாக வால்வைத் திருகிப் பார்ப்பவர், அன்று கடைக்காரரிடம் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டார். டீ போட வைத்திருந்த அடுப்பில் தண்ணீரையும் தூளையும் போட்டு ஏற்றி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் குனிந்து நின்றார். கெட்டில் இரண்டு முறை விக்கிவிட்டுக் கொதித்தது. அத்தான் முகம் மலர்ந்தது.

"ஏற்கனவே இருபத்தேழு இருக்கே சார், இதையும் தூக்கிட்டுப் போனா வீட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?" என்றார் கடைக்காரர்.

"கேப்பாங்க," என்றார் அத்தான். "கேக்கத்தான் வாங்கிட்டுப் போறேன்."