மணக்குடியிலிருந்து குளச்சலுக்கு எஞ்சின் வள்ளத்தில்

சர்வே உத்தியோகம் முடிந்ததும் நான் வீட்டில் அடங்கி இருப்பேன் என்று என் மனைவி ஞானம் நம்பியிருந்தாள். நானோ ஐம்பத்தாறு வயதில் எஞ்சின் வைத்த வள்ளம் கட்டக் கிளம்பினேன். சங்கிலி போட்டு அளந்த நிலமெல்லாம் கடலிலிருந்து எப்படித் தெரியும் என்று பார்க்க ஆசை, வேறொன்றுமில்லை.

மணக்குடிக் காயலோரம் கொட்டகை போட்டு, அயினிப் பலகையில் பதினெட்டு அடிக்குக் கட்டினோம். மரமும் கூலியும் நூற்றைம்பது ரூபாய். உடைந்த மோட்டார் காரில் கழற்றிய எஞ்சின் இருநூறு. அதற்காக நான் திருவனந்தபுரம் வரை அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

ஞானம் வந்து பார்த்தாள். “ஒரே ஒரு தரம் கூட வாறேன். கரை கண்ணுல தெரியணும். எனக்குப் பிடிக்கல்லண்ணா வித்துப்போடணும், கேட்டியளா?” என்றாள். சம்மதித்துவிட்டேன். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கொல்லம் ஆண்டு 1109 தை மாதம், அதாவது 1934 தொடக்கத்தில், கடல் அடங்கிய ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். துணைக்கு மணக்குடி மீனவர் மிக்கேல். குளச்சல் ஏறக்குறைய பதினேழு மைல். எஞ்சின் போட்ட சத்தத்தில் ஞானம் காதைப் பொத்திக்கொண்டாள்.

பள்ளம் என்ற ஊரைத் தாண்டுவதற்குள் கரையில் கூட்டமாக நின்று கரமடி இழுத்தவர்கள் கத்தினார்கள். கரமடி என்பது கடலில் வளைத்து விட்டுக் கரையிலிருந்து இழுக்கும் பெருவலை.

“ஓய், மிஷினை நிறுத்தும்வோய்! மீனெல்லாம் கலைஞ்சு போவுது!”

“அவிய சொல்லுயது நியாயந்தான்,” என்றார் மிக்கேல். விலகி ஆழத்துக்குப் போகலாம். ஞானத்துக்குக் கரை தெரிய வேண்டுமே. நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டோம். அடுத்த ஊரிலும் கரமடி. அதற்கடுத்த ஊரிலும் அப்படியே. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இருநூறு ரூபாய் எஞ்சின் சும்மா உட்கார்ந்து வருகிறது!

சத்தம் நின்றதும் ஞானம் கேட்க ஆரம்பித்தாள். அந்த மலை எது? வேளிமலை என்றேன். கடலிலிருந்து பார்த்தால் மலைக்கும் கரைக்கும் நடுவில் நாடே ஒரு முழம்தான் இருக்கிறது. அதில் நான் முப்பது வருஷம் நடந்திருக்கிறேன். எந்தக் குளத்தை எந்த மழையில் அளந்தேன், எங்கே பாம்புக்குப் பயந்து சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடினேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முட்டத்துச் செம்மண் மேட்டைக் கடக்கும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கேம்ப்பு கேம்ப்புண்ணு போனியளே, இதொண்ணும் வீட்டுல சொன்னதே இல்லியே,” என்றாள். மிச்சக் கதையையும் சொல்லத் தொடங்கினேன்.

குளச்சலில் இறங்கும்போது மணி மூன்று. தீர்ப்பைக் கேட்க நின்றேன்.

“வள்ளம் கிடக்கட்டு,” என்றாள். “எஞ்சினை வித்துப்போடுங்க.”

எஞ்சின் இப்போது பூதப்பாண்டியில் என் மைத்துனரின் மேட்டு வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறது. இந்தக் கரையோரம் போக நினைப்பவர்கள் தை, மாசியில் போங்கள். பாயும் இரண்டு சோடி துடுப்பும் போதும். வழியில் எங்கள் வள்ளத்தைக் கண்டால் தூரத்திலிருந்தே கூப்பிடுங்கள். எங்களுக்குக் கேட்கும்.