நல்ல கன்னம்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் கந்தர்வக்கோட்டைப் பக்கம் வாக்கப்பட்டு வந்தேன். பதினைந்து வருஷம், முந்திரிக் காட்டில் வேலை பார்க்கும்போதெல்லாம் இடது கன்னத்தில் புகையிலை அடக்கியிருப்பேன். அந்த இடம் முதலில் வெளுத்தது, பிறகு புண்ணானது. காரம் பட்டால் உயிர் போகும். இனித் தொடமாட்டேன் என்று வீட்டுக்காரர் முன்னால் விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். என் வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ஆனால் நான் விடவில்லை. வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டேன். எங்கள் பெண்கள் செய்வது அதுதான். ஒரு பக்கம் நொந்தால் மறுபக்கம்.

புண் ஆறாததால் நாத்தனார் என்னைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"புண்ணுல ஒரு துணுக்கு எடுக்கணும்மா. ஒப்பிட்டுப் பாக்க நல்ல எடத்துலயும் ஒண்ணு வேணும். எந்தப் பக்கம் நல்லாருக்கு?"

"வலதுதான். அங்க ஒண்ணும் பட்டதே இல்ல" என்றேன், நாத்தனாரைப் பார்க்காமல்.

"ரெண்டும் எதுக்குங்க?" என்று அவள் கேட்டாள்.

"வாய்த்தோலும் நம்மள மாதிரி தின்னுதான் உயிர் வாழுது. தின்னதைச் செரிக்க அதுக்குள்ள நொதி இருக்கு. நோய் வந்த தோல்ல அது ஒரு மாதிரி வேலை செய்யும், நல்ல தோல்ல வேற மாதிரி. சாயம் போட்டா தெரியும்."

"எங்க மதினி தோலு ரெண்டாள் சோறு திங்கும், பாத்துக்கங்க" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பதற்குள் அலுத்துவிட்டது.

டாக்டரம்மா முகம் சரியில்லை. "ரெண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லம்மா. வலதுலயும் நோய்னா ரெண்டு கன்னத்தையும் வெட்டணும். அங்க நெசமாவே ஒண்ணும் பட்டதில்லையா?"

பக்கத்தில் நாத்தனார். வீட்டில் விளக்கு. ஆனால் இரண்டு கன்னமும் போனால் எதை வைத்துச் சாப்பிடுவது?

"ஒரு வருஷமா பொகையிலை அங்கதான் அடக்குறேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும் மதினி" என்றாள் நாத்தனார். "கெணத்தடியில நீங்க துப்புனதை யாரு தண்ணி ஊத்திக் கழுவுனான்னு நெனச்சீங்க?"

தெரிந்துகொண்டே ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். என் குட்டு வெளிப்பட்டதைவிட அதுதான் எனக்குக் கோபமாக வந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. மேலுதட்டுக்கு உள்பக்கம், புகையிலையே படாத இடத்தில், மூன்றாவது துணுக்கு எடுத்தார். அதோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் வலது கன்னம் காந்திப்போயிருந்தது, அவ்வளவுதான். நோய் இடதில் மட்டும். அதை வெட்டினார்கள்.

வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். அவர் விளக்கைப் பார்த்தார், கட்டுப் போட்ட என் முகத்தைப் பார்த்தார், எழுந்து போனார்.

இன்றைக்கும் வலப்பக்கம்தான் மெல்கிறேன். ஒரு கை சோறு இறங்க நெடுநேரம் ஆகிறது.